இருபத்தாறில் பதினேழாவது

வாலைத்தான் முதலில் கட்டச் சொல்கிறார்கள்.
பாழானாலும் நட்டம் சிறியது என்பதால்.
மரப்பெட்டியைத் திறந்தபோது
நீலப் படலம் ஒட்டிய தகடுகள்,
பழுப்புத் தாளில் சுற்றிய விலாக்கள்,
ஒரு சீட்டு: சரிபார்த்தவர், ஆர். ஓ.
அவரைப் பற்றி அதற்கு மேல் தெரியாது.

சஸ்காட்செவான். பிப்ரவரி.
உறைநிலைக்கு முப்பத்தோரு டிகிரி கீழே.
கராஜின் ஹீட்டர் என் இடது பக்கத்தை மட்டும் சுடுகிறது.
பள்ளிப் பேருந்தின் எஞ்சின் உறையாதிருக்க
மின்கம்பியில் மாட்டிவிட்டு
நான், ஒரிசியா ஹ்ரின்கிவ், நாற்பத்தெட்டு வயது,
ஒரு வாலுக்கு முன்னால் மண்டியிட்டிருக்கிறேன்.
எதிரே லோர்ன் டெஸ்கி, பன்றி லாரி ஓட்டுபவன்.
விமானத்தில் பாதிப் பங்கு அவனுடையது.
இன்றைக்கே முடிக்கும் அவசரம்
முழுதும் அவனுடையது.

துளைகளை நாங்கள் போடவில்லை.
தெற்கே ஏதோ ஊரில் ஓர் இயந்திரம்
தோலில் ஒரு நாள், விலாவில் வேறொரு நாள்
குத்திவைத்தது.
ஒன்றையொன்று பார்த்தேயிராதவை
இங்கே, இந்தக் குளிரில், சந்திக்க வேண்டும்.

நடுவிலிருந்து தொடங்கினோம்.
இடுக்கியால் அமுக்கி, கிளீகோவை நுழைத்து, விட்டால்
டக்.
தகட்டின் மேல் வெள்ளி முளை ஒன்று நிமிரும்.
டக். டக்.
பதினாறு வரைக்கும் அது ஒரு முள்ளம்பன்றி.
பதினேழில்
துளைக்குள் பிறை.
பதினெட்டில் பிறை இன்னும் மெலிந்தது.
இருபதில் அமாவாசை.

டெஸ்கி ட்ரில்லை எடுத்தான்.
"அரை மில்லிமீட்டர். யார் பார்க்கப் போறா?"
காற்று பார்க்கும் என்று சொல்ல வாயெடுத்தேன்.
காலண்டரில் அச்சிடுகிற வாசகம் போல இருந்தது,
விட்டுவிட்டேன்.
"எட்டாயிடும்" என்றேன்.
வட்டத்தை ஒருபக்கம் இழுத்தால் எட்டு.
எட்டாகிவிட்டால் ரிவெட்டுக்குக் கரை எட்டாது.
அவன் விசையை இரண்டு முறை அழுத்தி
வெறும் காற்றைத் துளைத்தான்.
கீழே வைக்கவில்லை.

பதினாறையும் கழற்றினேன்.
அதுதான் கசந்தது, அவனுக்கும் எனக்கும்.
விலாவைச் சமையலறைக்குக் கொண்டுபோய்
அடுப்பின் கண்ணாடிப் பரப்பில் கிடத்திக் குனிந்தேன்.
அடியில் வெளிச்சம் புகுந்தது.
நேர் என்று நம்பியிருந்த விலா
வாழைப்பழம்.

துளை தவறவில்லை.
வளைவில் மடித்த விளிம்புக்கு
நீளம் மிஞ்சிப்போய், போக்கிடம் இல்லாமல்
விலாவின் முதுகைக் கோணலாக்கியிருந்தது.
அதற்கென்று ஓர் இடுக்கி உண்டு.
கொசுவம் வைப்பதுபோல
துளைக்கும் துளைக்கும் நடுவே ஒரு சுருக்கம்.
கண்ணாடியில் வை, பார். இன்னொன்று.
வை, பார்.
நான்காவது சுருக்கம் கூடிப்போய்
விலா மறுபக்கம் வளைந்தது.
திட்டிக்கொண்டே கட்டைவிரலால் நீவி
கொஞ்சம் திருப்பி வாங்கினேன்.
டெஸ்கி கதவில் சாய்ந்து
என் பீட்ரூட் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தான்.
"உப்பு பத்தல."
ட்ரில் அவன் கையில் இல்லை.

இரவு பதினொன்றே கால்.
பதினாறு, டக்.
பதினேழில் பிறை இல்லை.
துளைக்குள் துளை,
அதன் வழியே ஹீட்டரின் சிவப்பு.
டக்.
இருபத்தாறு வரை எண்ணிவிட்டு
குப்பைக்கூடையைக் கிளறி
ஆர். ஓ.வின் சீட்டைத் தேடினேன்.
சாயங்காலம் முழுக்க
அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.
கசங்கலை நீவிச் சுவரில் ஒட்டினேன்.

காலை ஆறரை. இன்னும் இருட்டு.
முதல் நிறுத்தத்தில் ஏறுகிற பிரெக்கன், இரண்டாம் வகுப்பு,
கம்பளித் தொப்பிக்கு உள்ளேயிருந்து கேட்டான்:
"வால் சேர்ந்துச்சா?"
"இடது பக்கம்."
"வலது?"
கதவின் நெம்புகோலை இழுத்தேன்.
"நீ போய் உட்காரு."